தறிச் சத்தத்தில் தூங்குவான், குக்கர் விசிலுக்கு அலறுவான்: மகனுக்கு இசை கேட்கும் பயிற்சி கொடுத்த அனுபவம்

எங்கள் வீடு சேலம் அம்மாப்பேட்டையில். சுவரை ஒட்டியே விசைத்தறி, காலையில் போட்டால் ராத்திரி வரைக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில், ஆட்டிசம் உள்ள என் மகன் அசந்து தூங்குவான். ஆனால் குக்கர் ஒரு விசில் அடித்தால் போதும், காதைப் பொத்திக்கொண்டு தரையில் முட்டுவான். மிக்ஸி, பைக் ஹாரன், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையின் அழுகை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். "தறிக்குப் பயப்படாதவன் விசிலுக்கா பயப்படுவான், எல்லாம் அடம்" என்றார்கள் சொந்தக்காரர்கள். அடம் இல்லை. தறி ஒரே சீராக ஓடுகிறது, அடுத்த அடி எப்போது விழும் என்று அவனுக்குத் தெரியும், விசில் அப்படிச் சொல்லிக்கொண்டு வராது. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்கு இந்தச் சிக்கல் உண்டு என்று ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர், விளக்கிய பிறகுதான் வீட்டில் வாய் மூடியது.

சத்தத்துக்குப் பழக்குவதற்காக ஹெட்போனில் இசை கேட்க வைக்கும் பயிற்சி பற்றியும் அவர்தான் சொன்னார். ஆனால் ஹெட்போனைத் தொடுவதற்கு முன்னால் காது பரிசோதனை முடிந்திருக்க வேண்டும் என்பதில் கறாராக இருந்தார். கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்கு உண்மையிலேயே காது கேட்கிறதா என்று பார்க்காமல் எந்தப் பயிற்சியும் கிடையாது என்றார். அது சரிதான். பெரா பரிசோதனை என்பார்கள், நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒட்டுப் போட்டு, காதில் டிக் டிக் என்று ஒலி கொடுத்து, நரம்பு அதை மூளை வரைக்கும் கொண்டுபோகிறதா என்று பார்ப்பது. குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். அதனால் விடியற்காலையிலேயே எழுப்பி, வழியில் கண் அசந்துவிடாமல் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். பஸ்ஸில் அவன் கண் சொருகும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் தூக்கி நிறுத்தி, ஈரக் கைக்குட்டையால் முகம் துடைத்து, "சாமி, தூங்காதடா" என்று கெஞ்சிக்கொண்டே போனேன். அங்கே போனதும் மருந்து கொடுத்தார்கள், உடனே தூங்கவில்லை, ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் படுத்தான். காது நன்றாகக் கேட்கிறது என்று வந்தது.

அடுத்து, பயிற்சி. இதில் பல வகை இருக்கிறது. பிரான்ஸின் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஆல்ஃப்ரெட் தொமாட்டி ஆரம்பித்தது ஒன்று. அதே நாட்டு மருத்துவர் கி பெரார் வகுத்தது இன்னொன்று, அதில் தினமும் அரை மணி நேரம் வீதம் இரண்டு வேளை, மொத்தம் 10 மணி நேரம் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் அடிப்படை, சில அதிர்வெண்களை, அதாவது கீச்சொலியையோ கனத்த ஒலியையோ, கூட்டியும் குறைத்தும் மாற்றிய இசை. எங்களுக்குக் கொடுத்ததை நானும் போட்டுக் கேட்டேன். ஸ்டேஷன் சரியாகப் பிடிக்காத பழைய ரேடியோ மாதிரி இருந்தது, வயலின் திடீரென்று மெலிந்து, திரும்ப வந்தது.

ஹெட்போனை அவன் தலையில் ஏற்றியதுதான் பெரிய வேலை. முதலில் வெறும் துணிப் பட்டை, அப்புறம் சத்தமில்லாத ஹெட்போன், சில நொடி, பிறகு ஒரு நிமிடம் என்று ஏற்றினோம். அதற்கே வாரக்கணக்கில் ஆனது. இசை ஓடும்போது டிவியும் போனும் கூடாது, களிமண், மணி கோர்ப்பது, ஊஞ்சல் மாதிரி ஏதாவது கையில் இருக்கலாம். சத்த அளவை ரொம்பக் கீழே வைத்தோம். குழந்தைகளுக்கு 75 டெசிபலில் வாரம் 40 மணி நேரம்தான் எல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அதன் பக்கத்தில்கூட நாங்கள் போகவில்லை.

ஆரம்பித்த புதிதில் தூக்கம் கெட்டது, சின்ன விஷயத்துக்கெல்லாம் கடித்தான். தெரபிஸ்டிடம் சொன்னதும் நேரத்தைப் பாதியாகக் குறைத்தார். "கொஞ்சம் பொறுங்கள், பழகிவிடும்" என்று தள்ளாமல் உடனே குறைத்தாரே, அந்த மாதிரி ஆளிடம்தான் பிள்ளையை விட வேண்டும். அதற்கு முன் ஒரு இடத்தில் விசாரித்தபோது, முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினால் சில மாதத்தில் பேச வைப்போம் என்றார்கள். அப்படிச் சொல்கிற இடத்தில் உட்காரவே உட்காராதீர்கள்.

ஏனென்றால் பேச்சு வரவில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2011 ஆய்வுத் தொகுப்பும் பெரார் முறை போன்ற பயிற்சிகள் ஆட்டிசத்துக்குப் பலன் தருகின்றன என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றுதான் முடிக்கிறது. எங்களுக்குக் கிடைத்தது வேறு. இப்போது குக்கர் வைக்கும்போது "விசில் வரப்போகுது" என்று சொல்லிவிட்டு அவன் கையைப் பிடிப்பேன். அவனே மற்ற கையால் ஒரு காதை மூடிக்கொண்டு அடுப்பையே பார்ப்பான். முட்டுவது நின்றுவிட்டது. இது ஹெட்போனாலா, கூடவே நடந்த மற்ற தெரபியாலா, நாங்கள் முன்னறிவிப்புக் கொடுக்கப் பழகியதாலா என்று பிரிக்க முடியாது. எனக்கு முன்னறிவிப்பு மேல்தான் நம்பிக்கை அதிகம். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு இன்னும் அவனைக் கூட்டிப் போவதில்லை, மேளமும் வெடியும் அவனால் தாங்க முடியாது, அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதுமில்லை.

சும்மா கேட்பது வேறு, குழந்தையோடு சேர்ந்து பாடி, தட்டி, மாற்றி மாற்றிச் செய்கிற இசை சிகிச்சை வேறு. இரண்டாவதற்கு ஆதாரம் கொஞ்சம் பரவாயில்லை. 2022இல் வந்த காக்ரேன் தொகுப்பு 26 ஆய்வுகளைப் பார்த்து, ஒட்டுமொத்த முன்னேற்றத்துக்கு அது உதவக்கூடும் என்கிறது. ஆனால் ஒன்பது நாடுகளில் 364 குழந்தைகளை வைத்துச் செய்து 2017இல் வெளியான பெரிய ஆய்வில், ஆட்டிச அறிகுறிகளின் தீவிரம் குறிப்பிடும்படி குறையவில்லை. நாங்கள் இப்போது அந்தப் பக்கம் வந்துவிட்டோம். எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து நான் இரண்டு தட்டுத் தட்டி நிறுத்துவேன், அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு தட்டுவான். சில நாள் மூன்றாகத் தட்டிவிட்டுச் சிரிப்பான்.

பணம் கட்டும் முன் அரசு மருத்துவமனையில் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் காட்டுங்கள், 18 வயது வரை இலவசமாகப் பார்ப்பார்கள். காது பரிசோதனை அறிக்கையில் இரண்டு நகல் எடுத்து வையுங்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குப் போனபோது எங்களிடம் அதையும் கேட்டார்கள்.