ஆக்சிமீட்டர் 99 காட்டிய இரவு

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தபோது, நான் ஒரு மருத்துவமனையில் செவிலியர் கண்காணிப்பாளராக இருந்தேன். சில வாரங்களிலேயே எங்கள் பிரிவு தொற்றாளர் பிரிவாக மாறியது. அந்த மாதங்களைப் பற்றிய பேச்சில் உயிரிழப்புகளும் படுக்கைப் பற்றாக்குறையும் இடம்பெறுகின்றன; அங்கே பணிபுரிந்தவர்களின் உடம்பு பட்ட பாடு அநேகமாகப் பேசப்படுவதில்லை.

ஓர் இரவு, பணி தொடங்கி ஒரு மணி நேரம்கூட ஆகாத நிலையில், இளம் செவிலியர் ஒருவர் கவச உடையைக் கழற்றிவிட்டு ஓய்வறைச் சுவரைப் பிடித்தபடி நின்றார். மூச்சு முட்டுவதாகவும், விரல் நுனிகளும் உதடுகளும் மரத்துப்போவதாகவும் சொன்னவர், "எனக்கும் வந்துவிட்டது சிஸ்டர்" என்று அழத் தொடங்கினார். இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினேன், 99 காட்டியது. காய்ச்சல் இல்லை. மருத்துவர் வந்து நெஞ்சைச் சோதித்து, இ.சி.ஜி.யும் எடுத்துப் பார்த்தார், குறையேதும் தென்படவில்லை. "ஒன்றுமில்லை, வெறும் பயம்தான்" என்று அந்தச் செவிலியரிடம் சொன்னேன். ஆறுதலாகத்தான் சொன்னேன் என்றாலும், அப்படிச் சொன்னதற்காக இன்றும் வருந்துகிறேன். அதன்பின் அவர் என்னிடம் எதையும் சொல்வதை நிறுத்திவிட்டார். ஒவ்வொரு பணிக்கும் முன்னால் வாந்தியெடுக்கிறார் என்பதைப் பிறர் சொல்லித்தான் அறிந்தேன்.

அடுத்த வாரம் அதே மருத்துவர் அவரை உட்காரவைத்து நடந்ததை விளக்கினார். அச்சத்தில் மூச்சு வேகமெடுக்கும்போது தேவைக்கு மேல் கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. இரத்தத்தின் கார அமிலச் சமநிலை அதனால் மாறி, விரல்களும் உதடுகளும் மரத்து, தலை சுற்றுகிறது. ஆக்சிஜன் குறைவதில்லை என்பதால்தான் கருவி 99 காட்டியது. மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுவதற்கு அவர் பழகிக்கொண்டார். தம் உடம்பில் உண்மையிலேயே ஒன்று நடந்தது, அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது என்று தெரிந்ததுமே அவர் முகம் தெளிந்ததை நான் அருகிலிருந்து பார்த்தேன்.

என் உடம்பும் சும்மா இருக்கவில்லை. காலையில் எழும்போதே தாடை வலித்தது. தூக்கத்தில் பற்களை இறுகக் கடித்திருக்கிறேன். விடுமுறை நாளிலும் கைபேசி ஒலித்தால் வயிற்றைப் பிசைந்தது. வெவ்வேறு வகையில் வதைக்கப்பட்ட எலிகளின் அட்ரீனல் சுரப்பி பெருத்து, இரைப்பையில் புண் விழுந்ததை மன அழுத்தத்தை ஆராய்ந்த ஹான்ஸ் செலி என்ற அறிவியலாளர் 1936இல் எழுதியதை, செவிலியர் படிப்பின்போது தேர்வுக்காக மனப்பாடம் செய்திருக்கிறேன். அதன் பொருள் அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆபத்தைக் கண்டால் எதிர்க்கவோ ஓடவோ உடம்பு ஆயத்தமாகிறது. தொற்றாளர் பிரிவில் இரண்டுக்குமே வழியில்லை. படுக்கையருகே நின்றாக வேண்டும்.

எல்லாவற்றையும் மனத்தின் தலையில் கட்டுவதும் தவறு. கவச உடையைக் கழற்ற முடியாது என்பதற்காக ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருந்தவர்களுக்குத் தலை வலிக்காமல் என்ன செய்யும்? முகக்கவசப் பட்டை இறுக்கியதும் அந்த வலியில் சேர்ந்தே இருந்தது. நெஞ்சுவலி என்று யாராவது சொன்னால் முதலில் முறையாகப் பரிசோதித்துவிட வேண்டும், மன அழுத்தத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

மீள்திறன் பற்றி எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடத்தப்பட்டது. நல்ல எண்ணத்தில்தான் நடத்தினார்கள். ஆனால் மறுநாள் யாருக்கு எந்தப் பணி என்பது முந்தைய இரவு வரை தெரியாத நிலையில், மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பலமுறை மன்றாடிய பிறகு, இரண்டு வாரங்களுக்கான பணிப்பட்டியலை முன்கூட்டியே ஒட்டவும், கவச உடையில் தொடர்ந்து இருக்கும் நேரத்தை நான்கு மணியாகக் குறைக்கவும் அனுமதி கிடைத்தது. பணி மாறும் வேளையில் நோயாளிகளின் விவரங்களைச் சொல்லி முடித்ததும், தூக்கம், வயிறு, தலைவலி என்று அவரவர் உடம்பைப் பற்றியும் சில நிமிடங்கள் பேசினோம். கேட்பவர் அறிவுரை சொல்லக்கூடாது என்பது மட்டுமே நாங்கள் வைத்துக்கொண்ட விதி. வயிற்றுக்கோளாறும் படபடப்பும் அடியோடு நீங்கிவிடவில்லை. ஆனால் அவற்றை மறைத்துக்கொண்டு பணிக்கு வருவது நின்றது. பயப்படாதவர்கள்தான் தாக்குப்பிடிப்பார்கள் என்று அதுவரை எண்ணியிருந்தேன். பயத்தைச் சொல்ல ஆளும், அடுத்த ஓய்வு என்றைக்கு என்ற தெளிவும் இருந்தவர்களே எங்கள் பிரிவில் தாக்குப்பிடித்தார்கள்.

2021இல் மீண்டும் அலை எழுந்தபோது, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அதே ஓய்வறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் போய்ச் சேர்வதற்குள், அன்று சுவரைப் பிடித்து நின்ற செவிலியர் அவரருகே அமர்ந்து விரலில் ஆக்சிமீட்டரை மாட்டியிருந்தார். மருத்துவருக்குச் சொல்லி அனுப்பியாகிவிட்டது என்று என்னிடம் கூறிவிட்டு, அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, "கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தாய்?" என்று கேட்டார்.