புயல் பக்கம் பிடிபட்டது: வஜ்ஜிரமும் விருத்தாசலத்துக் களிமண்ணும்

நான் வரையும் படக்கதையில், நான்-ஷான் கப்பலின் முகப்பு அலைக்குள் புதையும் பக்கம் கடைசியில் வந்துவிட்டது. மை காய்ந்து, ஸ்கேனும் எடுத்தாயிற்று. மேசைமேல் நிறுத்திவைத்து எட்ட நின்று பார்க்கிறேன். காற்று இடமிருந்து வலமாக அடிக்கிறது என்பதை யாரும் சொல்லாமலே கண் தெரிந்துகொள்கிறது. இந்த ஒரு பக்கத்துக்காகத்தான் மற்ற எல்லா வேலையையும் நிறுத்தி வைத்திருந்தேன்.

ஜோசப் கான்ராடின் 1902-ல் வெளிவந்த 'டைஃபூன்' நாவலைத் தமிழ்ப் படக்கதையாக்கிக்கொண்டிருக்கிறேன். கதை சின்னது. தென்சீனக் கடலில் நான்-ஷான் என்று ஒரு நீராவிக் கப்பல். ஊருக்குத் திரும்பும் 200 சீனக் கூலித் தொழிலாளர்கள் கீழ்த்தளத்தில் இருக்கிறார்கள். பாரமானி இறங்கிக்கொண்டே போகிறது. சூறாவளியைச் சுற்றிக்கொண்டு போகலாம் என்றால் கேப்டன் மக்விர் கேட்கவில்லை, நேராக விடுகிறார். கான்ராட் 1924-ல் காலமானவர். இங்கே எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகளில் காப்புரிமை முடிந்துவிடும், அதனால் அனுமதி என்ற தலைவலி கிடையாது. நாவலைப் படக்கதையாக்க நினைக்கும் எல்லோரும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அமைதியான பக்கங்கள் வழக்கம்போல நிப்பில் முடிந்தன. சிக்கல் புயலில்தான். வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் இரவுப் புயலை எப்படிப் போட்டாலும் நம்ம கடலூர் முதுநகர்த் தெருவில் பெய்கிற ஐப்பசி மழையாகத்தான் தெரிந்தது. கறுப்புக்கு மேல் வெள்ளை போஸ்டர் கலரை டூத் பிரஷ்ஷால் தெளித்தால் பனி பொழிகிறது. தூரிகையால் இழுத்தால் கோடு தடிக்கிறது, ஓரம் மங்குகிறது.

தேவனாம்பட்டினத்தில் பழைய படகோட்டி ஒருவர் இருக்கிறார். அவரிடம் பென்சில் படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"என்னா தம்பி, கடலை இம்மாங் கறுப்பாப் போட்டிருக்கீங்க? தானே புயல் அடிச்ச அன்னிக்கு விடியறதுக்கு முன்னாடியே கடல் வெள்ளையாத்தான் கெடந்துச்சு. எது தண்ணி, எது காத்துன்னே தெரியல."

"ராத்திரியிலயுமா ஐயா?"

"ராத்திரின்னா நுரை எங்க போயிடும்?"

தானே 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. காற்று மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர். வீட்டுக்கு வந்து போஃபர்ட் காற்று அளவுகோலைப் புரட்டினேன். 10-ஆம் நிலையில் நுரை காற்றின் திசையிலேயே அடர்ந்த பட்டைகளாக நீள்கிறது. 12-ஆம் நிலை மணிக்கு 118 கிலோமீட்டரில் தொடங்குகிறது. அதில் கடல் முழுக்க வெள்ளை, காற்று முழுக்க நுரையும் நீர்த்தூளும். பெரியவர் சொன்னதும் அதுவும் அப்படியே ஒன்று. அப்படியானால் இந்தப் பக்கங்களில் வெள்ளைதான் வேலை செய்ய வேண்டும். கறுப்பின்மேல் வெள்ளையைப் பூசினால் போதாது, கறுப்பிலிருந்து வெள்ளையைக் கீறி எடுக்க வேண்டும்.

அதற்குத்தான் ஸ்கிரேப்பர் போர்டு: வெள்ளைக் களிமண் பூசி, மேலே கறுப்பு மை ஏற்றிய அட்டை, மையைக் கீறினால் அடியிலிருக்கும் வெள்ளை தெரியும். கடையில் வருவது பெரும்பாலும் பிள்ளைகளுக்கான வானவில் அட்டை. நல்ல அட்டை வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும், விலை கட்டுப்படியாகாது. திருமணப் பத்திரிகை அடிக்கும் ஆர்ட் கார்டில் முயன்றால் மேல்பூச்சு மெல்லிசு, கத்தி நார்வரை இறங்கிவிடுகிறது. சரி, அட்டையை நாமே செய்வோம் என்று இறங்கினேன்.

தேவை சீனாக்களிமண். நம் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதற்கு அலைய வேண்டியதில்லை. விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பேர்போன ஊர், பொம்மை வார்ப்பவர்களிடமே கிடைக்கிறது. ஒரு பட்டறைக்காரர் நன்றாக அரித்த மாவையே கொடுத்தார். எதற்கென்று கேட்டார். கப்பல் படம் போட என்றதும் இன்னொரு பை சேர்த்துக் கட்டிவிட்டார்.

களிமண்ணைப் பிடித்துவைக்கும் பசை எது என்பதில்தான் வேலை நின்றுகொண்டே இருந்தது. வெள்ளைத் தச்சுப் பசையைக் கலந்தால் காய்ந்தபிறகும் ரப்பர்போல இழுக்கிறது. கீறினால் தூள் விழாமல் சுருள் சுருளாக வருகிறது, கோட்டின் இரு கரையும் பிய்கிறது. கருவேலம் பிசின் நன்றாகத்தான் உடைகிறது, ஆனால் கடற்கரைக் காற்றுக்குப் பூசணம் பிடிக்கிறது. கடைசியில் பழைய தச்சர்கள் கதவுச் சட்டம் ஒட்டிய வஜ்ஜிரம்தான் கைகொடுத்தது. தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. இராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துக் கரைக்க வேண்டும். கொதிக்கவே விடக் கூடாது, கொதித்தால் ஒட்டும் சக்தி போய்விடும். அந்த நாற்றத்துக்கு அம்மா அடுப்படிப் பக்கம் விடவில்லை, மாடியில் கரி அடுப்பு வைத்துச் செய்தேன்.

களிமண் சேர்த்தபிறகு மோர் பதம். மெல்லிசாக ஐந்தாறு பூச்சு, ஒன்று நெடுக்கில் என்றால் அடுத்தது குறுக்கில். அட்டையின் பின்பக்கமும் பூச வேண்டும், இல்லாவிட்டால் வில்லாக வளையும். நிழலில் காயவைத்து 400 நம்பர் எமரித் தாளால் இழைத்தால் பீங்கான் தட்டுபோல் வழுவழுப்பு வரும். மை நீரில் கரையாத இந்தியன் இங்க், அகலத் தூரிகையில் ஒரே இழுப்பு. ஈரம் கூடினால் மை களிமண்ணுக்குள் இறங்கிவிடும், அப்புறம் எவ்வளவு கீறினாலும் சாம்பல் நிறம்தான்.

வாடைக்காற்று மாதங்களில் பூச்சு ஈரத்தை உறிஞ்சி மெத்தென்று ஆகிவிடுகிறது. அட்டைப்பெட்டிக்குள் 60 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு, கீறப்போகும் அட்டையை அதற்குள் வைத்து எடுக்கிறேன். சூடு ஆறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும்.

கத்தி, மருந்துக்கடையில் கிடைக்கும் 11-ஆம் நம்பர் சர்ஜிகல் பிளேடு. அலையின் முதுகில் நுரைப்பட்டைகளுக்கு அது. காற்றில் பறக்கும் நீர்த்தூளுக்கு செம்புக் கம்பித் தூரிகை, ஒரே திசையில், கையைத் தூக்காமல். ஒரு பக்கம் முழுக்கக் காற்றின் கோணம் மாறவே கூடாது. ஆனால் அலையின் கோணம் வேறாக இருக்கலாம். நாவலில் காற்று வரும் முன்பே பெரிய அலைகள் வந்து கப்பலை உருட்டத் தொடங்கிவிடும். இரண்டு கோணமும் ஒன்றை ஒன்று வெட்டும் இடத்தில்தான் கப்பல் ஆடுவது தெரிகிறது. புகைக்கூண்டின் விளிம்பில் ஒரே ஒரு கோடு, கேப்டனுக்கு அடுத்த அதிகாரி ஜூக்ஸ் அவரைக் கட்டிப்பிடித்திருக்கும் தோளில் இன்னொன்று. மற்றது கறுப்பாகவே இருக்கட்டும். பிரெஞ்சுக்காரர் ஷபூதே 2014-ல் 'மோபி டிக்'கைக் கறுப்பு வெள்ளைப் படக்கதையாக்கினார். அவரிடம் எனக்குப் பிடித்ததும் இதுதான், பேச்சே இல்லாமல் கட்டங்களை நகரவிடும் தைரியம்.

அமெரிக்காவில் 1941-ல் தொடங்கி 1971 வரை 169 தலைப்புகள் வெளியிட்ட கிளாசிக்ஸ் இல்லஸ்டிரேட்டட் வரிசையில் இந்தத் தைரியம் குறைவு. எத்தனையோ பிள்ளைகளை நாவல் பக்கம் இழுத்துவந்த வரிசை அது, மரியாதை உண்டு. ஆனால் கட்டத்தின் தலையில் கதையைப் பத்தியாக எழுதிவிட்டு, அதையே கீழே படமாகவும் போடுவார்கள். படம் சொல்லிவிட்டதை எழுத்து திரும்பச் சொல்லக் கூடாது. என் புயல் பக்கங்களில் மேல்வரி ஒன்றுகூடக் கிடையாது. பேச்சுக்குமிழும் காற்று போகும் பக்கமாக இழுபட்டு, பாதி வாக்கியத்தில் கிழிந்து நிற்கும்.

இன்னொரு விஷயத்தில் நாவலோடு எனக்கு மனத்தாங்கல் உண்டு. கீழ்த்தளத்தில் பெட்டிகள் உடைந்து, வருஷக்கணக்காகச் சேர்த்த வெள்ளி டாலர்கள் உருண்டோட, அந்த 200 பேரும் உயிரைக் கொடுத்து அவற்றைப் பிடிக்கப் புரளுகிறார்கள். கான்ராட் அவர்களில் ஒருவருக்கும் பெயர் தரவில்லை, கூட்டமாகவே காட்டுகிறார். இதே புதுச்சேரிக் கரையிலிருந்துதான் 19-ஆம் நூற்றாண்டில் நம் ஆட்கள் ஒப்பந்தக் கூலிகளாக ரீயூனியன் தீவுக்குக் கப்பலேறினார்கள். அவர்களும் இப்படித்தான் ஒரு தளத்துக்குக் கீழே கிடந்திருப்பார்கள். அதனால் அந்தக் காட்சியில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு முகம், ஒரு கை, ஒரு காசு என்று நெருங்கிப் போடப்போகிறேன். கதையை மாற்றவில்லை, கேமராவை இறக்கிவைக்கிறேன், அவ்வளவுதான். கடைசியில் மக்விர் காசை எல்லோருக்கும் சமமாகப் பங்கிடும்போது அந்த முகங்கள் திரும்ப வர வேண்டும்.

புயலின் கண்ணும் பாக்கி இருக்கிறது. சுற்றிலும் மேகச் சுவர், தலைக்கு மேல் நட்சத்திரங்கள். ஊசிமுனையால் குத்தினால் போதும். அதற்கு அடுத்ததுதான் எனக்கு இந்த நாவலிலேயே பெரிய இடம். கண்ணைத் தாண்டியதும் புயலின் இரண்டாம் பாதி வர வேண்டும். கான்ராட் அதை எழுதவே இல்லை. அடுத்த அத்தியாயம் திறந்தால் நல்ல வெயிலில் கப்பல் ஃபூச்சௌ துறைக்குள் வருகிறது. அங்கே அட்டையில் மை மட்டும் பூசி, கத்தியே வைக்காமல் ஒரு முழுப் பக்கம் விடப்போகிறேன். கீறிய வெள்ளையெல்லாம் சொல்லப்பட்டது, கீறாத கறுப்பு சொல்லாமல் விட்டது. அதுவரை படித்து வந்தவர்களுக்குப் புரியும்.

இதற்குள் அடுத்த புத்தகமும் மனத்தில் ஏறிவிட்டது. ஜூல் வெர்னின் நீர்மூழ்கிக் கதை. அதில் கேப்டன் நீமோ மன்னார் முத்துக்குளிப் படுகையில் ஒரு முத்துக்குளிப்பவரைச் சுறாவிடமிருந்து காப்பாற்றி, ஒரு பை முத்தும் கொடுக்கும் இடம் உண்டு. கடலடி இருட்டு இந்த அட்டைக்கென்றே பிறந்தது. பழைய பிரெஞ்சுப் பதிப்பில் ரியூவும் நெவிலும் வரைந்த படங்கள் மரச்செதுக்கலாக அச்சானவை, வெள்ளைக்கோட்டின் பாடம் முழுக்க அவற்றிலேயே இருக்கிறது.

ஆனால் முதலில் தலைமை எஞ்சினியர் ரவுட்டின் எஞ்சின் அறை. அங்கே வெளிச்சம் உண்டு, எண்ணெய் பளபளப்பு உண்டு, காற்று கிடையாது. கம்பித் தூரிகை அங்கே உதவாது. உலோகத்தின் மினுமினுப்புக்குக் கண்ணாடி இழைத் தூரிகை நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்டேன். கடலூரிலோ புதுச்சேரியிலோ சில்லறையில் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அட்டைகள் பூசி, பல்புப் பெட்டிக்குள் தயாராக இருக்கின்றன.