கார்லாஃபின் மருத்துவர்களும் பாவர்ட்டி ரோவின் ஆய்வுக்கூடங்களும்

1930களிலும் 1940களிலும் ஹாலிவுட்டில் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட பைத்தியக்கார விஞ்ஞானிப் படங்களைப் பற்றி எழுதுவோரில் பலர் அட்டைச் சுவரையும், கயிற்றில் ஆடும் வௌவாலையும், குரங்குத் தோலுக்குள் தெரியும் மனிதனையும் சொல்லிச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பல ஆண்டுகளாக இப்படங்களைத் தேடிப் பார்த்துவரும் எனக்கு அந்தச் சிரிப்பில் பங்கில்லை. நல்ல நோக்கத்தோடு தொடங்கும் ஒரு மருத்துவர் எந்த இடத்தில் வழி தவறுகிறார் என்பதைப் பெருஞ்செலவில் உருவான படங்களைவிட இவை கூர்ந்து பார்த்திருக்கின்றன என்பதும், அப்படிப் பார்க்க வைத்ததில் பணத்தட்டுப்பாட்டுக்கும் பங்குண்டு என்பதும் என் கருத்து.

அக்காலத் திரையரங்குகளில் ஒரே நுழைவுச்சீட்டுக்கு இரண்டு படங்கள் காட்டப்பட்டன. முதன்மைப் படத்தைத் தந்த நிறுவனத்துக்கு வசூலில் விழுக்காடு கிடைத்தது. துணைப் படத்துக்கோ பெரும்பாலும் முன்கூட்டியே முடிவான வாடகை மட்டுமே. எவ்வளவு சிறப்பாக எடுத்தாலும் வருவாய் கூடாது என்பதால், செலவைக் குறைப்பதுதான் ஆதாயத்துக்கு இருந்த ஒரே வழி. மோனோகிராம், பி.ஆர்.சி. (புரொடியூசர்ஸ் ரிலீசிங் கார்ப்பரேஷன்) போன்ற சிறு நிறுவனங்கள் இந்தக் கணக்கில்தான் பிழைத்தன. அவற்றுக்கெல்லாம் சேர்த்து 'பாவர்ட்டி ரோ', அதாவது வறுமைத் தெரு, என்று பெயர். 1933இல் வெளிவந்த 'தி வாம்பயர் பேட்' படத்துக்காக மெஜஸ்டிக் என்ற சிறு நிறுவனம், யுனிவர்சல் தன் திகில் படங்களுக்கு அமைத்திருந்த அரங்குகளையே வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்திக்கொண்டது. எல்லாருக்கும் அந்த வாய்ப்பு இருக்கவில்லை. பெரும்பாலான படங்களில் ஆய்வுக்கூடம் என்பது ஒரு மேசை, கொதிக்கும் சில கண்ணாடிக் குடுவைகள், ஒரு மின்விசைப் பலகை, அவ்வளவுதான்.

அரக்கனை அதிகம் காட்ட வசதியில்லாதபோது, விஞ்ஞானியைப் பேச வைத்துத்தான் படத்தை நகர்த்த வேண்டும். 1942இல் பி.ஆர்.சி.க்காக சாம் நியூஃபீல்ட் இயக்கிய 'தி மேட் மான்ஸ்டர்' இதற்கு நல்ல சான்று. ஜார்ஜ் ஜூக்கோ நடித்த டாக்டர் கேமரன், தன்னை இகழ்ந்து ஒதுக்கிய பேராசிரியர்கள் தன் எதிரே மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு, அவர்களுடைய ஏளனத்துக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறார். ஒளி ஊடுருவும் உருவங்களாக அவர்கள் தோன்றி மறைவதைத் தவிர அக்காட்சியில் தந்திரம் எதுவும் இல்லை. ஓநாயின் இரத்தத்தைச் செலுத்தி ஒரு தோட்டக்காரனை விலங்காக்கும் கதையைவிட, ஆளில்லாத நாற்காலிகளோடு வாதிடும் அந்த மனிதர்தான் என்னைக் கலங்க வைத்தார்.

இந்த வகையின் சிறந்த பகுதி கொலம்பியா நிறுவனம் நடிகர் போரிஸ் கார்லாஃபை மருத்துவராக வைத்து எடுத்த வரிசை. கொலம்பியா அப்போது சிறு நிறுவனம் இல்லை என்றாலும், இவை அதன் துணைப் படப் பிரிவில் ஏறத்தாழ ஒரு மணி நேர நீளத்தில் உருவானவை. 1939இல் நிக் கிரிண்டே இயக்கிய 'தி மேன் தே குட் நாட் ஹேங்' படத்தில் டாக்டர் சவார்ட் ஓர் இயந்திர இதயத்தை உருவாக்கியிருக்கிறார். உடலின் இயக்கத்தை நிறுத்திவைத்து, பழுதான உறுப்பைச் சரிசெய்து, மீண்டும் உயிரூட்ட முடியும் என்பது அவருடைய வாதம். ஒரு மாணவன் விரும்பி முன்வந்து தன் உடலைத் தருகிறான். அவனுடைய காதலி அச்சத்தில் காவலரை அழைத்துவர, மீட்கும் வேலை பாதியிலேயே தடுக்கப்படுகிறது, மாணவன் இறக்கிறான், சவார்டுக்குத் தூக்குத் தண்டனை கிடைக்கிறது. தூக்கிலிடப்பட்டவரை உதவியாளர் அதே கருவியால் பிழைக்க வைக்கிறார். ஆனால் பிழைத்து எழுபவர் பழைய மருத்துவர் இல்லை; தன்னைக் குற்றவாளி என்று முடிவுசெய்த நடுவர்களை ஒவ்வொருவராகக் கொல்லும் பழிவாங்கி.

இந்தக் கதை வெறும் கற்பனையிலிருந்து வந்ததன்று. 1934இல் பெர்க்லியில் ராபர்ட் கார்னிஷ் என்ற ஆய்வாளர், கொல்லப்பட்ட நாய்களை மருந்தாலும் சாய்ந்தாடும் பலகையாலும் மீண்டும் மூச்சுவிட வைத்துச் செய்தித்தாள்களில் இடம்பிடித்தார். மரண தண்டனை நிறைவேற்றப்பட்டவர்களின் உடல்களையும் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. 1935இல் வந்த 'லைஃப் ரிட்டர்ன்ஸ்' என்ற படத்தில் அவருடைய சோதனைக் காட்சியே இடம்பெற்றது. அதுபோல், 1940இல் வந்த 'தி மேன் வித் நைன் லைவ்ஸ்' படத்தில் புற்றுநோயாளிகளைக் குளிரில் உறைய வைத்துக் குணப்படுத்த முயலும் மருத்துவருக்கும் நிகரான ஒருவர் நிஜத்தில் இருந்தார்: 1938 முதல் பிலடெல்ஃபியாவில் டெம்பிள் ஃபே என்ற நரம்பியல் அறுவை மருத்துவர் புற்றுநோயாளிகளின் உடல் வெப்பத்தைக் குறைத்துச் சிகிச்சை அளித்துவந்தார். சவார்டின் கனவுக்கு நெருங்கிய இதய நுரையீரல் இயந்திரத்தை ஜான் கிப்பன் 1953 மே மாதத்தில் ஒரு நோயாளியிடம் வெற்றிகரமாகப் பயன்படுத்தினார். ஆகவே இப்படங்களில் ஆய்வு பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. ஆய்வு தடைப்பட்ட அன்று மருத்துவருடைய உள்ளத்தில் என்ன முறிந்தது என்பதே கதையாகிறது.

அந்த வரிசையில் நான் மிகவும் போற்றுவது 1941இல் எட்வர்ட் டிமிட்ரிக் இயக்கிய 'தி டெவில் கமாண்ட்ஸ்'. மூளை அலைகளைப் பதிவுசெய்யும் டாக்டர் ஜூலியன் பிளேர், விபத்தில் இறந்த மனைவியின் அலைகள் அவர் இறந்த பின்னும் கருவியில் எழுதப்படுவதைக் காண்கிறார். மனித மூளையின் மின்னலைகளைப் பற்றி ஹான்ஸ் பெர்கர் 1929இல் வெளியிட்ட கட்டுரை அப்போது பழைய செய்தி ஆகிவிடவில்லை. பிளேர் அடக்கம் செய்யப்பட்ட உடல்களைத் திருடி, அவற்றுக்கு நீர்மூழ்கு வீரர் அணிவது போன்ற உலோகக் கவசங்களை மாட்டி, ஆவியை அழைக்கும் கூட்டத்தில் அமர்வதுபோல் மேசையைச் சுற்றி உட்கார வைக்கிறார். துயரம் ஒரு மனிதரை இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்டதே என்ற எண்ணம்தான் அக்காட்சியில் பயத்தை முந்திக்கொண்டு எழுகிறது. கார்லாஃப் குரலை உயர்த்துவதே இல்லை. தோளைக் குறுக்கி, தயங்கித் தயங்கி நடந்தே அந்தப் பாத்திரத்தை உருவாக்கிவிடுகிறார்.

மோனோகிராமின் 'தி ஏப்' (1940) அந்த அளவு தேர்ச்சி உடையதன்று. போலியோவால் நடக்க முடியாத ஒரு பெண்ணைக் குணப்படுத்த மனிதத் தண்டுவட நீர் தேவைப்படும்போது, மருத்துவர் கொன்ற குரங்கின் தோலைப் போர்த்திக்கொண்டு ஊரில் கொலை செய்கிறார். நம்ப முடியாத கதைதான். ஆயினும் இறுதியில் அந்தப் பெண் எழுந்து நடக்கிறாள். சால்க்கின் தடுப்பூசி வருவதற்கு 15 ஆண்டுகளுக்கு முன், கோடைதோறும் போலியோவுக்கு அஞ்சிய பெற்றோர்கள் அதைப் பார்த்தார்கள் என்பதை மறந்துவிட்டு இப்படத்தை மதிப்பிடுவது நியாயமாகாது.

இவ்வகையில் என்னால் ஏற்க முடியாததும் உண்டு. 1944இல் வந்த பி.ஆர்.சி.யின் 'தி மான்ஸ்டர் மேக்கர்' முக எலும்பும் கைகால்களும் அளவுக்கு மீறிப் பெருக்கும் அக்ரோமெகலி என்ற உண்மையான நோயை அருவருப்பூட்டும் பொருளாக்கியது. அந்த நோயால் முகம் மாறிய நடிகர் ரோண்டோ ஹாட்டனை யுனிவர்சல் கொலைகாரப் பாத்திரங்களில் தொடர்ந்து காட்டியது. 1946 பிப்ரவரியில் அவர் இறந்தபின், அவர் நடித்து முடித்திருந்த 'தி ப்ரூட் மேன்' படம் பி.ஆர்.சி.க்கு விற்கப்பட்டு அந்த ஆண்டிலேயே வெளியானது. மருத்துவருடைய மனக்காயத்தை அவ்வளவு பரிவோடு பார்த்த திரைப்படக்காரர்கள் நோயாளியின் காயத்தை விற்பனைக்கு வைத்தார்கள்.

நடிகர் பெலா லுகோசியிடம் அந்த மருத்துவர்களின் மனக்காயம் நடிப்பைத் தாண்டியது. 1940இல் வந்த 'தி டெவில் பேட்' படத்தில், தன் கண்டுபிடிப்புக்கு மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, அதனால் முதலாளிகள் செல்வந்தர்களாவதைப் பார்த்துக் கொதிக்கும் வேதியியலாளராக அவர் நடித்தார். பெரும் வசூல் ஈட்டிய 'டிராகுலா'வில் வாரம் 500 டாலர் சம்பளத்துக்கு உழைத்தவர் அவர். 1955இல் எட் வுட் இயக்கிய 'பிரைட் ஆஃப் தி மான்ஸ்டர்' படத்தில், தாயகம் திரும்ப அழைக்கும்போது, தனக்கு வீடே இல்லை என்று சொல்லத் தொடங்கி, துரத்தப்பட்டதையும் இகழப்பட்டதையும் அடுக்கும், லுகோசி நடித்த டாக்டர் வோர்னோஃபின் நீண்ட வசனம் வருகிறது. 1919இல் ஹங்கேரியின் புரட்சி அரசு வீழ்ந்தபோது, நடிகர் சங்கம் அமைத்ததற்காக நாட்டை விட்டு ஓடியவர் அதைப் பேசுகிறார். படத்தின் மற்றப் பகுதிகள் எவ்வளவு தடுமாறினாலும், லுகோசியின் கடைசிப் பத்தாண்டுகளில் அவர் செய்தவற்றுள் அந்தக் காட்சியையே நான் முதலில் வைப்பேன்.