விரல் தட்டியதும் நம் குரல் நிற்க வேண்டும்

‘படகைத் தள்ளினார்’ என்பதை டிஸ்லெக்சியா (படிப்பதையும் எழுதுவதையும் கடினமாக்கும் கற்றல் குறைபாடு) உள்ள பிள்ளை ‘படைக…’ என்று தொடங்கித் திணறி நிற்கும். கவனம் இல்லை என்று அதட்டுவதற்கு முன் அச்சைப் பார்க்க வேண்டும். அங்கே ‘ட’வுக்கும் ‘க’வுக்கும் நடுவில்தான் ‘ை’ நிற்கிறது. ெ, ே, ை என்ற கொம்புகள் மூன்றும் எழுத்துக்கு முன்னால் வருகின்றன. ஒலி பின்னால் வருகிறது. ொ, ோ இரண்டும் எழுத்தை இருபுறமும் பிடித்துக்கொள்கின்றன. மற்ற பிள்ளைகள் இதைச் சில மாதங்களில் தாண்டிவிடுவார்கள். சொல்லை ஒலி ஒலியாகப் பிரித்துப் பிடிப்பதிலேயே சிரமப்படும் பிள்ளைக்கு ஒவ்வொரு வரியும் மேடேறுவதுபோல இருக்கும்.

அதனால் முதலில் கொம்புக்கு வேலை. கண், காது சோதனை முடிந்திருக்க வேண்டும். பிறகு கொம்பையும் அதன் எழுத்தையும் ஒரே நிறத்திலும் மற்ற எழுத்துகளைக் கறுப்பிலும் எழுதிய அட்டைகள், நாளைக்கு ஐந்து போதும். வலை, கரை, வாளை, திருக்கை, மேடு. ராமநாதபுரம் கரையோரப் பிள்ளைகளுக்கு இவை நாக்கில் புழங்கும் சொற்கள். பொருள் தேடி மனம் அலையாது. தட்டில் ஈர மணல் பரப்பி விரலால் எழுதச் சொல்லலாம். கொம்பு போடும்போது வாய் மூடியிருக்கட்டும். எழுத்தும் முடிந்த பிறகே ‘கை’ என்று ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். பாதியில் ‘க’ என்று சொல்லிப் பழகினால் பழைய பிழை திரும்பிவிடும்.

அடுத்தது புத்தகம். பெரும்பாலான முயற்சிகள் தோற்பது இங்கேதான். புத்தகத்தின் நடுப்பக்கத்தில் 50 சொற்களைப் படிக்கவிட்டு எண்ணுங்கள். தடுமாற்றம் இரண்டுக்குள் என்றால் தனியாகப் படிக்கலாம். மூன்று முதல் ஐந்து வரை என்றால் கூடச் சேர்ந்து படிக்க வேண்டும். அதற்கு மேல் போனால் அது நாம் படித்துக்காட்ட வேண்டிய புத்தகம். எண்ணும்போது ஊர்ப்பேச்சைப் பிழையில் சேர்க்கக் கூடாது. ‘வந்தார்கள்’ என்பதை ‘வந்தாக’ என்று படித்தால் பிள்ளைக்குப் பொருள் பிடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். ‘மழை’ ‘மளை’ ஆவதும் அப்படித்தான். ‘படைக’ வேறு, அதில் பொருளே இல்லை.

தமிழக அரசுப் பள்ளிகளுக்கான வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகப் பிரிக்கப்பட்டிருப்பது வசதி. ஆனால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் ‘நீ நுழை எடு’ என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னால் அந்தப் புத்தகத்தை அதன்பின் தொடாது. நான்கையும் கலந்து அடுக்கிவிட்டு, பொருந்துவதைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பதே நல்லது.

பொருத்தமான புத்தகம் கிடைக்காவிட்டால் செய்துகொள்ளலாம். கரைவலை இழுப்பதையோ வாடைக்காற்று நாளையோ பிள்ளை சொல்லச் சொல்ல எழுதுங்கள். இரண்டு ஏ4 தாளை ஒன்றாக மடித்து நடுவில் தைத்தால் எட்டுப் பக்கம். பக்கத்துக்கு ஒரு வாக்கியம், ஆறேழு சொல், 18 புள்ளி (பாயிண்ட்) அளவில் எழுத்து, தாராளமான வரி இடைவெளி. ‘இழுத்துக்கொண்டிருந்தார்கள்’ போன்ற நீளச் சொல் வந்தால் பென்சிலால் இலேசாக இழுத்துக்/கொண்/டிருந்/தார்கள் என்று கோடு போடலாம். முதல் ஒன்றிரண்டு புத்தகங்களில் பிள்ளையின் பேச்சை அப்படியே விட்டுவிடுவதை நான் ஆதரிக்கிறேன். எழுத்து நடை மூன்றாவதில் வரட்டும். உப்புக்காற்றில் தாள் நமத்து முனை சுருண்டுவிடும், அட்டை கெட்டியாக இருக்கட்டும்.

சேர்ந்து படிக்கும் முறை எளிது. பிள்ளையின் வேகத்தில் இருவரும் ஒரே குரலாகப் படிக்கிறோம். தனியாகப் போக முடியும் என்று தோன்றியதும் பிள்ளை மேசையில் ஒரு தட்டுத் தட்டும். அந்தக் கணமே நம் குரல் நிற்க வேண்டும். வரி முடியட்டும் என்று இழுக்கக் கூடாது. தடுமாறினால் மனத்துக்குள் ஐந்து எண்ணும்வரை பொறுங்கள். வரவில்லையென்றால் சொல்லை முழுதாகச் சொல்லி, பிள்ளையைத் திருப்பிச் சொல்லவைத்து, மறுபடி சேர்ந்துகொள்ளுங்கள். அந்த நேரத்தில் எழுத்துக்கூட்ட வைத்தால் கதை அறுந்துபோகும். நாளைக்கு 15 நிமிடம் போதும். அதே புத்தகத்தை மூன்று நான்கு நாள் படிக்கலாம். தட்டு முன்கூட்டியே வருவதுதான் முன்னேற்றத்தின் அளவுகோல். மனப்பாடமாகச் சொல்கிறதா என்று ஐயம் வந்தால் பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லை மட்டும் காட்டிக் கேட்டால் தெரிந்துவிடும்.

பெற்றோருக்குப் படிக்கத் தெரியாத வீட்டில், ஆசிரியர் நிதானமாகப் படித்துக் கைப்பேசியில் குரல்பதிவு அனுப்பலாம். பக்கம் திருப்பும் இடத்தில் ஒரு தட்டு. முதல் மூன்று நாள் விரல் வைத்துத் தொடரட்டும், நான்காம் நாள் பதிவு இல்லாமல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். விசைப்படகுக்குப் போகும் அப்பா பெரும்பாலும் கரையில் இருக்கும் காலம் அது, கோடை விடுமுறையும் கூட. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று கேட்டாலே போதும்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் இந்தக் கற்றல் குறைபாடும் ஒன்று; மதிப்பீட்டுக்கு வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரிடம் போகலாம். சான்றிதழ் வரும்வரை வாசிப்பை நிறுத்திவைக்க வேண்டாம்.

ஒரு நாள் பிள்ளை யாரும் சொல்லாமல் பழைய பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும், அல்லது தம்பியை உட்காரவைத்துப் படித்துக்காட்டும். அப்போது பக்கத்தில் போகாதீர்கள். நடுவில் ‘படைக’ என்று காதில் விழுந்தாலும், மறுநாள் அட்டையில் அந்தச் சொல்லைச் சேர்த்துக்கொள்ளலாம்.