விசா வேண்டாத பயணிக்கும் முன் அனுமதி வேண்டும்: எங்கே சிக்குகிறது, ஏன்

விசா இல்லாமல் ஒரு நாட்டுக்குள் போகலாம் என்று பட்டியலில் இருந்துவிட்டால் போதும், டிக்கெட் எடுத்துக் கிளம்பிவிடலாம் என்றிருந்த காலம் போய்விட்டது. ஆஸ்திரேலியா 1996-லேயே கணினி வழி அனுமதியைத் தொடங்கியது. அமெரிக்காவின் மின் அனுமதியான எஸ்டா 2009 ஜனவரி 12 முதல் கட்டாயம். கனடா 2016 நவம்பரிலும், நியூசிலாந்து 2019 அக்டோபரிலும், தென் கொரியா 2021 செப்டம்பரிலும் சேர்ந்துகொண்டன. பிரிட்டன் 2023 நவம்பரில் கத்தார் நாட்டவரோடு ஆரம்பித்து, 2025 ஏப்ரலுக்குள் ஐரோப்பியர்கள் வரை கொண்டுவந்துவிட்டது. நாட்டுக்கு நாடு பெயரும் கட்டணமும் மாறினாலும், உள்ளே நடக்கும் வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான். அது புரிந்துவிட்டால் பாதிச் சிக்கல் வராது.

இந்த அனுமதி ஒரு காகிதம் அல்ல. உங்கள் பாஸ்போர்ட் எண்ணுக்கு எதிரே அந்நாட்டு அரசின் கணினியில் பதிவாகும் ஒரு வரி. செக்-இன் செய்யும்போது விமான நிறுவனம் உங்கள் பாஸ்போர்ட் விவரங்களை அங்கே அனுப்புகிறது. ஏற்றலாம் அல்லது ஏற்றக் கூடாது என்று பதில் வருகிறது. அனுமதி இல்லாதவரை ஏற்றிச் சென்றால் நிறுவனத்துக்கு அபராதம், திருப்பி அழைத்துவரும் செலவும் அவர்கள் தலையில். அதனால், அனுமதி வந்த மின்னஞ்சலை அச்செடுத்துக் காட்டினாலும் கவுன்டரில் இருப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது. கணினியில் அந்த எண் பொருந்த வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே தவறுகளில் முதலிடம் பாஸ்போர்ட் எண்ணுக்கு. ஆங்கில ஓ எழுத்தையும் பூஜ்யத்தையும் மாற்றிப் போடுவது அடிக்கடி நடக்கும். ஜெர்மன் பாஸ்போர்ட் எண்களில் ஓ என்ற எழுத்தே கிடையாது, தெரிவதெல்லாம் பூஜ்யம்தான். அப்படியும் எழுத்தாகத் தட்டிவிடுகிறவர்கள் உண்டு. இன்னொரு தவறு கொஞ்சம் நுட்பமானது. படமுள்ள பக்கத்தின் அடியில் 44 எழுத்துகள் கொண்ட இரண்டு வரிகள் இருக்கும். இரண்டாவது வரியின் முதல் ஒன்பது இடங்கள் பாஸ்போர்ட் எண்ணுக்கு. பத்தாவது இலக்கம் எண்ணின் பகுதி அல்ல, கணினி சரிபார்ப்பதற்கான இலக்கம். அடி வரியைப் பார்த்து எண்ணை எழுதுகிறவர்கள் அந்தப் பத்தாவதையும் சேர்த்துவிடுகிறார்கள். விண்ணப்பம் தடையில்லாமல் போகும், பணம் எடுக்கப்படும், அனுமதியும் வரும். ஆனால் அது இல்லாத ஒரு பாஸ்போர்ட்டுக்கு வந்த அனுமதி. எண்ணை எப்போதும் பக்கத்தின் மேற்பகுதியில் அச்சிட்டிருக்கும் இடத்திலிருந்து எடுங்கள்.

செல்பேசிச் செயலி வழியாக விண்ணப்பித்தால் இந்தத் தவறு பெரும்பாலும் வராது. பிரிட்டன், ஆஸ்திரேலியா செயலிகள் அடி வரிகளைக் கேமராவால் படித்துவிட்டு, பிறகு பாஸ்போர்ட்டுக்குள் இருக்கும் சிப்பைப் படிக்கின்றன. சிப் படிக்கவில்லை என்று பலர் பாஸ்போர்ட்டைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் கோளாறு அதற்கு முந்திய படியில் இருக்கும். எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் சிப்பைத் திறக்கும் சாவி உருவாகிறது. கேமரா ஓர் எழுத்தைத் தவறாகப் படித்திருந்தாலும் சிப் திறக்காது. ஆகவே முதலில் வெளிச்சம் பளபளக்காத இடத்தில் வைத்து அடி வரிகளை மறுபடி படமெடுங்கள். அப்புறம் செல்பேசியின் உறையைக் கழற்றி, பாஸ்போர்ட்டின் மேல் வைத்து அசைக்காமல் சில விநாடிகள் பிடியுங்கள். சிப் இருக்கும் இடம் நாட்டுக்கு நாடு வேறு: சிலவற்றில் முன் அட்டை, சிலவற்றில் பின் அட்டை, சிலவற்றில் படமுள்ள பக்கமே. ஐபோனில் படிக்கும் பகுதி மேல் விளிம்பில் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் மாடலுக்கேற்ப மாறும்.

பெயரையும் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே எழுத வேண்டும். அடி வரிகளில் ஆங்கில எழுத்து, இலக்கம், இடைவெளியை நிரப்பும் கோணக்குறி தவிர வேறெதுவும் வராது. பெயருக்கு நடுவே சாய்கோடு, புள்ளி, மேற்கோள்குறி உள்ளவர்கள் அடி வரியில் பெயர் எப்படி வந்திருக்கிறதோ அதைப் பின்பற்றுவது பாதுகாப்பு. குடும்பப் பெயர் என்று தனியாக இல்லாதவர்கள், படிவம் அதற்கென்று தரும் குறிப்பைப் படித்துவிட்டு நிரப்புங்கள். ஒவ்வொரு நாடும் வேறு விதமாகக் கேட்கிறது. டிக்கெட்டிலும் அதே பெயர் இருக்கட்டும்.

இனி நாடுகள். அமெரிக்காவைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நுணுக்கங்கள் அங்கேதான் அதிகம். எஸ்டா கட்டணம் 2025 செப்டம்பர் 30-இல் 21 டாலரிலிருந்து 40 டாலர் ஆனது. இரண்டு ஆண்டுகள் செல்லும். அதற்குள் பாஸ்போர்ட் காலாவதியானால் அன்றோடு முடிந்தது. ஆகவே பாஸ்போர்ட்டுக்குச் சில மாதங்களே மீதி என்றால், அதைப் புதுப்பித்த பிறகு விண்ணப்பிப்பதே லாபம். ஒவ்வொரு வருகைக்கும் 90 நாள் வரம்பு. நடுவில் கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ போய்வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. பொதுவாக அப்படி இல்லை. அந்த நாள்களும் 90-க்குள் சேரும். நீட்டிப்பும் கிடையாது. 2022 அக்டோபர் முதல் தரைவழியாக நுழைவோருக்கும் எஸ்டா வேண்டும்.

2011 மார்ச் 1-க்குப் பிறகு ஈரான், ஈராக், வட கொரியா, சூடான், சிரியா, லிபியா, சோமாலியா, ஏமன் ஆகிய நாடுகளுக்குப் போயிருந்தால், சில விதிவிலக்குகள் தவிர, எஸ்டா கிடைக்காது. விசாவுக்குப் போக வேண்டும். 2021 ஜனவரி 12-க்குப் பிறகு கியூபா போனவர்களுக்கும் அதே கதி. விடுமுறைக்கு ஒரு வாரம் கியூபா போய்வந்த ஐரோப்பியர்கள் இதில் நிறையச் சிக்குகிறார்கள். முன்பு அமெரிக்க விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு ஆம் என்றால் எஸ்டா மறுக்கப்படலாம். அதற்காக இல்லை என்று எழுதாதீர்கள். மறுப்பு அவர்கள் பதிவேட்டிலேயே இருக்கிறது. பொய் பிடிபட்டால் பின்னால் விசாவுக்கான வழியும் அடைபடும்.

கனடா இவற்றில் மலிவு: 7 கனடிய டாலர், ஐந்து ஆண்டுகள். விமானத்தில் வருவோருக்கு மட்டுமே. தரைவழியாகவோ கடல்வழியாகவோ வந்தால் தேவையில்லை. பிரிட்டனில் கட்டணம் 10 பவுண்டில் தொடங்கி 2025 ஏப்ரலில் 16 ஆனது. இரண்டு ஆண்டுகள், ஒவ்வொரு முறையும் ஆறு மாதம் வரை தங்கலாம். பல விண்ணப்பங்களுக்கு உடனே பதில் வந்தாலும், மூன்று வேலை நாள் ஒதுக்குங்கள். நியூசிலாந்தில் அனுமதிக் கட்டணம் சிறியது, செயலியில் 17 நியூசிலாந்து டாலர். அதோடு சேர்த்து வாங்கும் சுற்றுலா வரிதான் 100. ஆஸ்திரேலியாவில் செயலி வழியாக மட்டும், 20 ஆஸ்திரேலிய டாலர்; பல ஐரோப்பிய நாட்டவருக்குத் தனியாக இலவச வகை ஒன்று உண்டு. தென் கொரியாவில் 10,000 வோன். 17 வயது வரையிலும் 65 முதலும் விலக்கு. மற்ற நாடுகளில் பெரும்பாலும் கைக்குழந்தைக்கும் தனி விண்ணப்பம் வேண்டும்.

ஒரு நாட்டின் பட்டியலை வைத்து இன்னொரு நாட்டை ஊகிக்கக் கூடாது. மலேசிய பாஸ்போர்ட் இருந்தால் பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இந்த மின் அனுமதி போதும்; அமெரிக்காவுக்கு விசா வேண்டும்.

டிரான்சிட்தான் பலர் மறந்துபோகும் இடம். அமெரிக்காவில் விமானம் மாறினாலும் குடிவரவுச் சோதனையைத் தாண்டியே ஆக வேண்டும், ஆகவே எஸ்டா கட்டாயம். கனடாவிலும் நியூசிலாந்திலும் மாறிச் செல்வோருக்கும் அனுமதி வேண்டும். பிரிட்டனில் ஹீத்ரோ, மான்செஸ்டர் விமான நிலையங்களில் எல்லைச் சோதனைக்கு வெளியே வராமல் மாறினால் தேவையில்லை. இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்து, பெட்டியை வாங்கி மறுபடி போட வேண்டியிருந்தால் கதை வேறு. வெளியே வந்தாக வேண்டும், அனுமதியும் வேண்டும்.

இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கனடியக் குடிமகனுக்குக் கனடாவின் மின் அனுமதி கிடைக்காது. பிரிட்டிஷ் குடிமகனுக்கும் பிரிட்டனுடையது கிடைக்காது. பொதுவாகத் தங்கள் நாட்டு பாஸ்போர்ட்டில்தான் வர வேண்டும். பிரிட்டன் 2026 பிப்ரவரி 25 முதல் இதில் கண்டிப்பு காட்டுகிறது. வேறு நாட்டு பாஸ்போர்ட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பிறந்த ஊருக்குத் திரும்ப நினைப்பவர் விமானத்தில் ஏற முடியாமல் நிற்கலாம்.

தேடுபொறியில் முதலில் வரும் தளம் அரசுத் தளமாக இருக்க வேண்டியதில்லை. இடைத்தரகர்கள் அரசுக் கட்டணத்தைப் போல் சில மடங்கு வாங்கிக்கொண்டு, அதே படிவத்தைத்தான் நிரப்புகிறார்கள். பாஸ்போர்ட் விவரமும் அவர்களிடம் தங்கிவிடுகிறது. அமெரிக்க முகவரி டாட் கவ் என்றும், பிரிட்டனுடையது கவ் டாட் யூகே என்றும் முடியும். ஐரோப்பா கொண்டுவரும் இதே வகை முன் அனுமதியான எடியாஸைப் பொறுத்தவரை, 2026-இன் கடைசிக் காலாண்டில் தொடக்கம், 30 நாடுகளுக்கு 20 யூரோ, மூன்று ஆண்டுகள் என்பது அறிவிப்பு. அதிகாரபூர்வமாகத் திறக்கும் முன்பே எடியாஸ் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் எந்தத் தளமும் பொய்.

எல்லாம் செய்தும் கவுன்டரில் அனுமதி இல்லை என்றால், அனுமதி வந்த மின்னஞ்சலைத் திறந்து அதிலுள்ள எண்ணைப் பாஸ்போர்ட்டோடு ஓரெழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். பிறகு, ஊழியர் கணினியில் எந்த எண்ணை ஏற்றியிருக்கிறார் என்று கேளுங்கள். பாஸ்போர்ட் புதுப்பித்த பிறகு முன்பதிவில் பழைய எண்ணே கிடப்பது உண்டு; அவர் திருத்தினால் உடனே சரியாகும். தவறு அனுமதியில்தான் என்றால் அங்கேயே செல்பேசியில் புதிதாக விண்ணப்பியுங்கள். கனடா, பிரிட்டன் பதில்கள் பல நேரம் சில நிமிடத்தில் வரும். எஸ்டா நிலுவையில் என்று காட்டினால் 72 மணி நேரம் வரை ஆகலாம். அப்போது வரிசையில் நிற்பதை விட்டு, டிக்கெட்டை வேறு தேதிக்கு மாற்றும் வேலையைப் பாருங்கள்.