பக்கத்துத் தூரைப் பார்த்துப் படியுங்கள்

செடிகளுக்கிடையே நடக்கும் போட்டியைப் படிக்கும் மாணவர்களுக்கு இது. எம்.எஸ்சி. தாவரவியல் செய்முறைத் தேர்வுக்கு நான் செய்திருந்தது ஒரு சின்னச் சோதனை. மண் நிரப்பிய ஒரு பையில் கொழுக்கட்டைப்புல் நாலு, இன்னொன்றில் பயறு வகைத் தீவனச் செடியான முயல்மசால் நாலு, மூன்றாவதில் அதில் நாலும் இதில் நாலும். கலந்து வைத்த பையில் இரண்டுமே நோஞ்சானாக வந்தன. ‘இனங்களுக்கிடையே போட்டி’ என்று முடிவு எழுதிவிட்டேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "புல்லு குறைஞ்சது மசால் பக்கத்துல இருந்ததாலயா, பையில எட்டுச் செடி இருந்ததாலயா?" என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்விக்கான பதில் 1960இல் டி விட் என்ற டச்சு விஞ்ஞானி எழுதியதில் இருக்கிறது. மொத்த எண்ணிக்கையை மாற்றாமல், ஒன்றைக் குறைத்து அந்த இடத்தில் மற்றதை வைக்க வேண்டும்: 4-0, 2-2, 0-4. கணக்கை நீங்களே ஒரு முறை போட்டுப் பாருங்கள். தனிப் புல் 40 கிராம், தனி மசால் 20 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கலப்பில் புல் 24, மசால் 12 வந்தால், ஒவ்வொன்றையும் அதன் தனி விளைச்சலால் வகுக்க, 0.6ம் 0.6ம் சேர்ந்து 1.2. இரண்டும் ஒரே உணவுக்கு அடித்துக்கொண்டால் கூட்டுத்தொகை 1ஐ ஒட்டியே நிற்கும். பயறு வகைச் செடி வேர் முடிச்சு வழியாகக் காற்றின் தழைச்சத்தை எடுத்துக்கொள்வதால் புல்-மசால் கலப்பில் 1ஐத் தாண்ட இடமிருக்கிறது.

அடுத்தது ஒரே இனத்துக்குள் இருக்கும் மரபு வேறுபாடு. நிறையப் பேர் இதைத் தனிப் பாடமாகப் படித்துவிட்டுப் போட்டியோடு சேர்க்காமல் விடுகிறார்கள். மானூர்ப் பக்கம் தாத்தாவோடு ஆடு பத்தப் போகும்போது அவர் சொல்வார்: "ஒரு தூரை மொட்டையா மேயும், ஒட்டுன தூரை மோந்து பாத்துட்டு விட்டுரும்லா." நமக்கு ஒரே புல்லாகத் தெரிவது ஆட்டுக்கு அப்படி இல்லை.

1979இல் வெளிவந்த ஆய்வில் டர்கிங்டன், ஹார்ப்பர் என்ற இரண்டு சூழலியலாளர்கள் வடக்கு வேல்ஸின் ஒரு பழைய மேய்ச்சல் நிலத்தில், நாலு வகைப் புல் ஆளும் நாலு திட்டுகளிலிருந்து வெள்ளைக் குளோவர் என்ற பயறு வகைத் தீவனச் செடியை எடுத்தார்கள். அது படர்கொடி, துண்டு துண்டாக வெட்டி நட்டால் எல்லாம் ஒரே மரபுதான். அதனால் ஒரே செடியை நாலு புல்லுக்கும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. பொதுவாக, எந்தப் புல்லோடு வாழ்ந்து வந்ததோ அந்தப் புல்லோடுதான் ஒவ்வொன்றும் நன்றாக வளர்ந்தது. இதை உருப்போட வேண்டாம். நாலுக்கு நாலு கட்டம் போட்டு, இடப்பக்கம் குளோவர் வந்த இடம், மேலே அண்டைப் புல் என்று எழுதுங்கள். மூலைவிட்டக் கட்டங்கள்தான் உயர்ந்து நிற்கும். விடைத்தாளிலும் அந்தக் கட்டத்தையே போடுங்கள், இரண்டு பக்கம் எழுதுவதைவிட அது தெளிவு.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேர் முடிச்சில் இருக்கும் ரைசோபியம் என்ற பாக்டீரியாவின் வகைக்கும் இந்தப் பொருத்தத்தில் பங்கு உண்டு என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ‘எல்லாம் செடியின் ஜீன்’ என்று முடித்துவிடாதீர்கள்.

நம் ஊரில் இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: கொழுக்கட்டைப்புல்லின் விதை பெரும்பாலும் கருவுறாமலே உண்டாகிறது, அதனால் ஒரு தூரின் விதைகள் தாயின் நகல்களாகவே இருக்கும். வேறுபாடு வேண்டுமென்றால் ஒரே தூரிலிருந்து விதை எடுக்காதீர்கள். தள்ளித் தள்ளி இருக்கும் திட்டுகளிலிருந்து தூர் பிரித்து வாருங்கள். ஐப்பசி மழை விழுந்து புல் தலை நிமிர்ந்த பிறகு போனால் எளிதாகப் பிரியும்.