அண்டார்டிகா கப்பலில் கால் வைக்கும்வரை

அப்பாவுக்கு அப்போது 67 வயது. ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, புராஸ்டேட் வீக்கத்துக்கு ஒரு மாத்திரை. மற்றபடி தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறவர். அண்டார்டிகாவை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது பள்ளி நாளிலிருந்து அவர் மனசில் கிடந்த ஆசை. 2020-ல் கிளம்பியிருக்க வேண்டியது, கோவிட் வந்து நின்றுபோனது. 2021 நவம்பர் 1-ம் தேதி, எங்கள் கப்பல் கிளம்பும் நாடான அர்ஜென்டினா, தடுப்பூசி போட்ட வெளிநாட்டுப் பயணிகளுக்கு எல்லையைத் திறந்தது. அன்றே டிசம்பர் பயணத்துக்கு எங்கள் இருவர் பெயரையும் மறுபடி உறுதி செய்தேன்.

பென்குவின்களைப் பற்றியும் பனிப்பாறைகளைப் பற்றியும் அப்புறம் தனியாக எழுதுகிறேன். கப்பலில் கால் வைப்பதற்கு முந்தைய ஆறு வாரத்தை முதலில் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. அந்த ஆறு வாரம் சரியாக நடக்காமல் போயிருந்தால் மற்ற எதுவுமே நடந்திருக்காது.

முதலில் வந்தது மருத்துவப் படிவம். நான்கு பக்கம், குடும்ப மருத்துவரின் கையெழுத்தோடு திருப்பி அனுப்ப வேண்டும். இதயக் கோளாறு உண்டா, ஒரு வருஷத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்ததா, செங்குத்தான படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்க முடியுமா, அலையில் ஆடுகிற ரப்பர் படகில் ஏற முடியுமா, என்னென்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று கேள்விகள். புராஸ்டேட் மாத்திரையை எழுத அப்பாவுக்கு மனசில்லை. "அதுக்கும் கப்பலுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றார். நான் விடவில்லை, எழுத வைத்தேன்.

பத்து நாள் கழித்துக் கப்பல் மருத்துவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் ஸ்கோபோலமின் பட்டை ஏதாவது வாங்கி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டிருந்தார். கப்பல் ஆட்டத்தில் வரும் வாந்திக்கும் தலைசுற்றலுக்கும் நிறையப் பேர் அதைத்தான் ஒட்டிக்கொள்வார்கள். புராஸ்டேட் வீக்கம் இருப்பவர்களுக்கு அது சிறுநீரை அடைத்துவிடக்கூடும், அப்பாவுக்கு வேண்டாம், மாற்று மருந்து பற்றி உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள் என்று எழுதியிருந்தார். எங்கள் பெட்டியில் ஏற்கெனவே இரண்டு பாக்கெட் பட்டை இருந்தது. அப்பா அவற்றைத் தன் கையாலேயே எடுத்து வெளியே வைத்தார். அதன்பிறகு எந்தப் படிவத்திலும் எதையும் விட்டுவிடலாம் என்று அவர் சொல்லவில்லை.

இந்தப் படிவத்தை வெறும் சடங்கு என்று நினைத்து, "எல்லாம் நலம்" என்று நிரப்பி அனுப்புகிறவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இந்த மாதிரி சின்னக் கப்பலில் பெரும்பாலும் ஒரே ஒரு மருத்துவர்தான் இருப்பார், சின்ன சிகிச்சை அறை இருக்கும், அவ்வளவுதான். கப்பல் கிளம்புவது அர்ஜென்டினாவின் தென்கோடித் துறைமுகமான உஷுவாயாவிலிருந்து; அங்கிருந்து தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவே இருக்கும் டிரேக் நீரிணையைக் கடக்கவே இரண்டு நாள் ஆகும். கடந்த பிறகு யாருக்காவது நெஞ்சுவலி வந்தால், அண்டார்டிகாவை ஒட்டிய கிங் ஜார்ஜ் தீவில் இருக்கும் சிலி நாட்டு விமான ஓடுதளம்வரை கப்பலைக் கொண்டுபோய், வானம் தெளிந்து, சிலியின் தெற்கே இருக்கும் புன்ட்டா அரீனாஸ் நகரிலிருந்து விமானம் வந்து இறங்க வேண்டும். மூடுபனி இருந்தால் அந்த விமானம் வராது. பயணக் காப்பீட்டில் மருத்துவ வெளியேற்றத்துக்கு இவ்வளவு தொகை இருந்தே ஆகவேண்டும் என்று கப்பல்காரர்கள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். காப்பீட்டை வாங்கும்போது "அண்டார்டிகா" என்ற சொல் அதில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். உலகம் முழுவதும் செல்லும் என்று போட்டுவிட்டு, விலக்குப் பட்டியலில் அண்டார்டிகாவை எழுதி வைத்திருக்கும் காப்பீட்டையும் நான் பார்த்தேன்.

அப்புறம் நுழைவு விதிகள். அன்றைக்கு அர்ஜென்டினா நான்கு விஷயம் கேட்டது: முழுத் தடுப்பூசி முடிந்து 14 நாள் ஆகியிருக்க வேண்டும், விமானம் ஏறுவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் எடுத்த பிசிஆர் பரிசோதனையில் தொற்றில்லை என்று வர வேண்டும், கோவிட் சிகிச்சையையும் சேர்த்த காப்பீடு, கிளம்புவதற்கு முந்தைய 48 மணி நேரத்துக்குள் இணையத்தில் நிரப்பும் உறுதிமொழிப் படிவம். இதுபோக விமான நிறுவனத்துக்கு ஒரு விதி, நடுவில் விமானம் மாறும் நாட்டுக்கு ஒரு விதி, கப்பலுக்கு இன்னொரு விதி. நவம்பர் 26-ம் தேதி உலக சுகாதார நிறுவனம் ஒமிக்ரானுக்குப் பெயர் வைத்ததும் பல நாடுகள் ஒரே வாரத்தில் விதிகளை மாற்றின. நாங்கள் விமானம் மாறும் நாடும் மாற்றியது. தினமும் காலையில் எழுந்ததும் நான்கு இணையப் பக்கங்களைத் திறந்து பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

ஒரு நோட்டில், கப்பல் கிளம்பும் நாளில் ஆரம்பித்துப் பின்னோக்கி எழுதிக்கொண்டே வந்தேன். எனக்கு உதவியது இந்த முறைதான். வீட்டிலிருந்து முன்னோக்கிக் கணக்குப் போட்டால் 72 மணி நேரம் தாராளமாகத் தெரியும். பின்னோக்கிப் போட்டால்தான் எங்கே இடிக்கிறது என்று தெரியும்.

எங்கள் முதல் விமானம் சனிக்கிழமை அதிகாலை மூன்றரைக்கு. மொத்தப் பயணம் 30 மணி நேரம். 72 மணி நேரம் ஓட ஆரம்பிப்பது ரிப்போர்ட் வந்த நேரத்திலிருந்து என்று நான் முதலில் நினைத்திருந்தேன். அப்படிக் கிடையாது. குச்சி மூக்கில் போன நிமிஷத்திலிருந்து ஓடும். வியாழன் காலை பத்து மணிக்கு மாதிரி கொடுத்தால், அர்ஜென்டினாவில் இறங்கும்போது எழுபத்தொன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். விதி என்னவோ ஏறும் நேரத்தைத்தான் சொல்கிறது. ஆனால் இறங்கும் இடத்தில் இருக்கும் அதிகாரி எதுவரை எண்ணுவார் என்பதை அவரிடம் நின்று வாதாட முடியாது. நடுவில் விமானம் தாமதமானால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது. அதனால் வியாழன் மாலை நான்கு மணிக்குக் கொடுத்தோம். இறங்கும்போது அறுபத்தைந்தரை மணி நேரம். ரிப்போர்ட் 24 மணி நேரத்தில் வந்தால், விமானத்துக்கு முன் பதினோரு மணி நேரம் கையில் இருக்கும்.

அந்தப் பதினோரு மணி நேரம்தான் எங்களைக் காப்பாற்றியது. வெள்ளிக்கிழமை மாலை ரிப்போர்ட் வந்தது. இருவருக்கும் தொற்றில்லை. அப்பா கையைக் கூப்பிக் கும்பிட்டார். நான் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். அப்பாவின் பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து, தாத்தாவின் பெயர் முழுசாகக் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கிறது. ரிப்போர்ட்டில் வெறும் இனிஷியலும் பெயரும். நம்மில் பாதிப் பேருக்கு இந்தச் சிக்கல் உண்டு. பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, தடுப்பூசிச் சான்றிதழில் இன்னொரு மாதிரி. பரிசோதனைக் கூடத்துக்கு ஓடினேன். மாதிரி கொடுக்கும்போது பாஸ்போர்ட் நகலைக் கொடுத்திருந்தும், பழைய பதிவில் இருந்த பெயரையே எடுத்துப் போட்டிருந்தார்கள். கையொப்பமிடுகிற மருத்துவர் கிளம்பிப் போயிருந்தார். அவர் திரும்பி வந்து, பெயரோடு பாஸ்போர்ட் எண்ணையும் சேர்த்துப் புது ரிப்போர்ட் கொடுத்தபோது இரவு ஒன்பது.

விமான நிலையக் கவுண்டரில் இருந்த பெண், ஒரு கையில் பாஸ்போர்ட்டையும் இன்னொரு கையில் ரிப்போர்ட்டையும் வைத்துக்கொண்டு, தாத்தாவின் பெயரில் ஒவ்வொரு எழுத்தின் கீழும் பேனா முனையை வைத்து நகர்த்தினார். பதினான்கு எழுத்து. அதன்பிறகு மாதிரி எடுத்த நேரம் எங்கே என்று தேடி அதைச் சுற்றி வட்டம் போட்டார். பழைய ரிப்போர்ட்டோடு அங்கே போய் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அர்ஜென்டினாவுக்குள் நுழைய எங்களிடம் அதை யாரும் கேட்கவில்லை. ஆனால் தென் அமெரிக்காவிலிருந்து வருகிறவர்களிடம் அதைக் கேட்கும் நாடுகள் உண்டு, திரும்பும் வழியில் கேட்கலாம். அப்பா பல வருஷம் முன்பே வேலை விஷயமாகப் போட்டிருந்தார். அட்டையில் பத்து வருஷம் என்று எழுதி, காலாவதித் தேதி தாண்டியிருந்தது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தத் தடுப்பூசியை மருத்துவர்கள் யோசித்துத்தான் போடுவார்கள், அதனால் எனக்குக் கவலை. விசாரித்தபோது நல்ல செய்தி கிடைத்தது. 2016 ஜூலை 11 முதல் சர்வதேச விதிப்படி அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும், பழைய அட்டைகளுக்கும் அது பொருந்தும். புதிதாகப் போடுகிறவர்கள், ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லுபடியாகும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் அயர்ஸில் இறங்கியபோது எல்லாம் முடிந்தது என்று நினைத்தார் அப்பா. கப்பலின் சொந்தப் பரிசோதனை அங்கேதான் ஆரம்பித்தது. பயணிகள் எல்லோரையும் ஒரே ஹோட்டலில் வைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் பிசிஆர். முடிவு வரும்வரை அறையை விட்டு வெளியே வரக் கூடாது. தொற்று என்றால் அறைக்குத் தொலைபேசி வரும், இல்லையென்றால் மறுநாள் அதிகாலை உஷுவாயா விமானத்துக்கான சீட்டைக் கதவுக்கு அடியில் தள்ளிவிடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

"இத்தனை தடவை எதுக்கும்மா?" என்று அப்பா அலுத்துக்கொண்டார். அவருக்கு கிரெக் மார்ட்டிமர் என்ற கப்பலின் கதையைச் சொன்னேன். 2020 மார்ச் 15 அன்று, நாங்கள் போகப்போகிற அதே உஷுவாயாவிலிருந்து கிளம்பிய கப்பல். ஏறும்போது உடல் வெப்பம் பார்த்தார்கள், யாருக்கும் காய்ச்சல் இல்லை. எட்டாம் நாள்தான் ஒருவருக்கு முதன்முதலாகக் காய்ச்சல் வந்தது. துறைமுகங்கள் மூடிக்கொண்டிருந்த நேரம். கடைசியில் உருகுவேயின் மான்டெவிடியோவுக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. அதில் இருந்த 217 பேரைப் பரிசோதித்தபோது 128 பேருக்குத் தொற்று. அந்த 128 பேரில் 104 பேருக்கு எந்த அறிகுறியும் இல்லை. எட்டுப் பேரைக் கப்பலிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், ஒருவர் இறந்தார். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ நமக்கும் தெரியாமலே இருக்கலாம்" என்றார்.

மதியம் மூன்று மணி இருக்கும். எதிர் அறையில் தொலைபேசி அடித்தது. சுவர் மெலிசு, மணிச் சத்தம் தெளிவாகக் கேட்டது. விமானத்தில் எங்களுக்கு முன்வரிசையில் வந்த வயதான தம்பதி அந்த அறையில் இருந்தார்கள். எண்பதை நெருங்குகிறவர்கள். விமானத்தில் அந்த அம்மா தன் புது கையுறைகளை அப்பாவிடம் காட்டி மகிழ்ந்தார். கொஞ்ச நேரத்தில் பாதுகாப்பு உடை அணிந்த இருவர் வந்தார்கள். கதவில் இருந்த சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பெட்டிகள் இரண்டும் வெளியே வந்தன. அந்த அம்மா, கப்பல் அறை எண் எழுதி ஏற்கெனவே கட்டியிருந்த அட்டைகளைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இருமல்கூட இல்லை. அவர்களும் எங்களைப் போலவே 72 மணி நேரத்துக்குள் பரிசோதனை செய்து, தொற்றில்லை என்ற காகிதத்தோடு கிளம்பியவர்கள்தான். அன்று இரவு எங்கள் கதவுக்கு அடியில் சீட்டு வந்தபோது எனக்குச் சந்தோஷப்பட முடியவில்லை.

இப்போது யாராவது என்னிடம் கேட்டால், முன்பதிவு செய்யும்போதே கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான் என்பேன்: கப்பல் ஏறும் முன் தொற்று வந்தால் பணம் என்ன ஆகும், தனிமையில் இருக்கும் நாட்களுக்கு யார் செலவு, அடுத்த பருவத்துக்கு மாற்றித் தருவார்களா? எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மருந்துகளைக் கைப்பையில் வையுங்கள், தனிமைப்படுத்தப்பட்டால் இன்னும் இரண்டு வாரத்துக்குப் போதுமான அளவில். மருத்துவரின் மருந்துச் சீட்டில் மருந்தின் வேதிப்பெயரை எழுதி வாங்குங்கள், வணிகப்பெயர் நாட்டுக்கு நாடு மாறும். 2022-ல் அர்ஜென்டினா கோவிட் நுழைவு நிபந்தனைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டது. ஆனால் கப்பலின் மருத்துவப் படிவமும் வெளியேற்றக் காப்பீடும் அப்படியே இருக்கின்றன.

உஷுவாயா துறைமுகத்தில் மறுபடி ஒரு விரைவுப் பரிசோதனை, பதினைந்து நிமிஷம், அதிலும் தொற்றில்லை. கப்பலில் ஏறினோம். டிரேக்கில் இரண்டாம் நாள், எங்கள் உடைகளைப் பரிசோதிக்கக் கூப்பிட்டார்கள். அண்டார்டிகாவில் வேறு மண்ணின் விதையோ கிருமியோ இறங்கக் கூடாது என்பதால், கரையில் அணியப்போகிற எல்லாவற்றையும் சுத்தம் செய்ய வேண்டும். ஜாக்கெட் பைகள், வெல்க்ரோ பட்டைகள், பையின் மடிப்புகள் எல்லாவற்றையும் வாக்யூம் குழாயால் உறிஞ்சினோம். காலணி அடியில் இருந்த பள்ளங்களைச் சின்னக் கம்பியால் சுரண்டினோம்.

அப்பாவின் பழைய நடைப்பயிற்சிப் பையின் வெல்க்ரோவில், முடிகளுக்கு நடுவே ஒரு புல் விதை மாட்டியிருந்தது. அரிசியில் பாதிகூட இருக்காது, நுனியில் முள் மாதிரி ஒரு வால். கூட இருந்த இயற்கை ஆய்வாளர் இடுக்கியால் எடுத்து வெள்ளைக் காகிதத்தில் வைத்தார். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் அதைப் பார்த்தார். அப்புறம் பையை மறுபடி தலைகீழாகக் கவிழ்த்து, அந்த வெல்க்ரோவை ஆரம்பத்திலிருந்து ஒவ்வொரு வரிசையாகப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை.